கெப் வண்டிக்கு ஷொக் மாற்றுவதும் உயரம் கூட்டுவதும்

தொழில் பாடம் – வாகனப் பகுதி



இம்முறை வாகனப் பாடத்தில் கெப் வண்டியின் அடிப்பகுதியைப் பற்றிப் பார்ப்போம். கெப் வண்டி இல்லாமல் இன்று தோட்டத்தில் ஒரு நாளும் கழிவதில்லை. காலையில் உர மூட்டை ஏற்றுகிறது. பகலில் மேல் மலையிலிருந்து கொழுந்துச் சாக்கு இறக்குகிறது. இரவில் ஒரு பிள்ளைத்தாச்சிக்கு வலி எடுத்தால், அம்புலன்ஸ் ஏறி வர முடியாத லயத்திலிருந்து அவரைப் பெரிய பாதைக்குக் கொண்டுவருவதும் அதே வண்டிதான்.

2020 மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அந்த ஐந்து வருடமும் இருக்கிற பழைய வண்டிகளைத் திருத்தித் திருத்தித்தான் எல்லோரும் ஓடினார்கள். இன்றும் 15, 20 வருடம் ஓடிய கெப் வண்டிகள் மலைப் பாதைகளில் நிறைய உண்டு. அவற்றுக்குக் கடைச் சாமான் வாங்கிப் போடுவதும், "கொஞ்சம் உயர்த்தி விட்டா நல்லா ஏறும்" என்று உயரம் கூட்டுவதும் வழக்கமாகிவிட்டது. நமது பிள்ளைகள் பலர் சாரதிகளாகவும் கராஜ் வேலையாட்களாகவும் இருப்பதால், இந்த வேலையைச் சரியாகச் செய்வது எப்படி, எதைச் செய்யக் கூடாது என்பதை ஒழுங்காகத் தெரிந்துகொள்வது நல்லது. வண்டி இல்லாத வீட்டாரும் வாசியுங்கள். பின்னால் ஏறிப் போகிறவர்கள் நீங்கள்தானே!

1. பாரத்தைச் சுமப்பது எது?

பலர் தவறாக நினைக்கிற விஷயம் இதுதான். "புது ஷொக் போட்டாச்சு, இனி இன்னும் அஞ்சு மூட்டை கூட ஏத்தலாம்" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். இது சரியல்ல.

பாரத்தைச் சுமப்பது ஸ்பிரிங். கெப் வண்டியின் பின் பக்கத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய இரும்புப் பட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் ஸ்பிரிங் பட்டை. முன் பக்கத்தில் வண்டிக்கு வண்டி மாறும். 2005இல் வந்த டொயோட்டா ஹைலக்ஸில் சுருள் ஸ்பிரிங் இருக்கிறது. அதற்கு முந்திய எல்.என். 106 ஹைலக்ஸில் முன்னாலும் பட்டைதான். 1990களின் பிற்பகுதியில் வந்த மிட்சுபிஷி எல் 200இல் முறுக்குக் கம்பி இருக்கிறது. வடிவம் எதுவானாலும் பாரம் அதன் மேல்தான்.

அப்படியானால் ஷொக் அப்சோபர் என்ன செய்கிறது? ஸ்பிரிங் ஒரு குழியில் அமுங்கினால் திரும்ப எழும்பும். எழும்பியது மறுபடி அமுங்கும். விட்டுவிட்டால் இப்படியே ஆடிக்கொண்டிருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதே ஷொக்கின் வேலை. அதன் உள்ளே ஒயில் இருக்கிறது. சிறு துளைகள் உள்ள ஒரு பிஸ்டன் அந்த ஒயிலைத் தள்ளிக்கொண்டு மேலும் கீழும் போகிறது. ஒயில் சிறு துளை வழியாகப் போகும்போது எதிர்ப்புக் கொடுக்கும். ஆட்டத்தின் வேகம் அங்கே சூடாக மாறி அடங்கிவிடும். கல் பாதையில் ஓடி வந்த வண்டியின் ஷொக்கைத் தொட்டால் சுடுவது இதனால்தான்.

தொடர்ந்து குலுங்கும்போது ஒயிலில் நுரை கட்டும். நுரைக்கு எதிர்ப்பு இல்லை. அப்போது ஷொக் இருந்தும் இல்லாதது மாதிரிதான். இதைத் தடுக்கவே பல ஷொக்குகளில் நைட்ரஜன் வாயுவை அடைத்து வைக்கிறார்கள். "கேஸ் ஷொக்" என்று கடையில் சொல்வது இதைத்தான்.

ஆகவே முதலாவதாக மனதில் வையுங்கள்: ஷொக் மாற்றுவதால் வண்டி சுமக்கும் நிறை ஒரு கிலோவும் கூடாது. உயரம் கூட்டினாலும் கூடாது. அதைத் தயாரித்த கம்பனி குறித்த அளவுதான் அளவு.

ஒரு கணக்குப் பார்ப்போம். வண்டியும் சுமையும் ஆட்களும் சேர்ந்து 2800 கிலோ வரை போகலாம் என்று எழுதியிருக்கிறது. வெறும் வண்டி 1800 கிலோ என்று வைப்போம். மிச்சம் 1000 கிலோ. 50 கிலோ மூட்டை என்றால் 20 மூட்டை. ஆனால் உள்ளே 60 கிலோ வீதம் ஐந்து பேர் இருந்தால் 300 கிலோ போய்விடும். மிச்சம் 700 கிலோ. அதாவது 14 மூட்டை மட்டுமே. ஆட்களின் நிறையைக் கணக்கில் சேர்க்காமல் ஏற்றுவதுதான் பல இடங்களில் நடக்கிறது.

2. ஷொக் கெட்டுப்போனதை அறிவது எப்படி?

கராஜுக்குப் போகாமலே சாரதி அறிந்துகொள்ளலாம்.

(அ) வண்டியை மட்டமான இடத்தில் நிறுத்தி, ஒரு மூலையைப் பலமாக அமுக்கிக் கையை எடுங்கள். ஒரு தடவை எழும்பி நின்றுவிட வேண்டும். இரண்டு மூன்று தடவை ஆடினால் அந்த மூலை ஷொக் முடிந்துவிட்டது. ஆனால் கெப் வண்டியின் பின் ஸ்பிரிங் கடினமானது. அங்கே இந்தச் சோதனையில் மட்டும் நம்பிக்கை வைக்காமல் மற்ற அடையாளங்களையும் பாருங்கள்.

(ஆ) ஷொக்கின் உடம்பில் ஒயில் வடிந்து புழுதி அப்பியிருக்கிறதா? லேசான ஈரக் கசிவு பழசில் இருக்கும். சொட்டும் அளவுக்கு இருந்தால் மாற்ற வேண்டும்.

(இ) டயர் ஒரே சீராகத் தேயாமல் மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருக்கிறதா? கையால் தடவிப் பார்த்தால் தெரியும்.

(ஈ) பிரேக் பிடிக்கும்போது மூக்கு அதிகமாகக் குத்துகிறதா? வளைவில் பின் பக்கம் துள்ளி விலகுகிறதா?

(உ) மேல், கீழ் முனைகளில் இருக்கும் ரப்பர் புஷ் நொறுங்கி "டக் டக்" என்று சத்தம் வருகிறதா? சில வேளை ஷொக் நன்றாகவே இருக்கும், புஷ் மட்டும்தான் போயிருக்கும்.

ஆடுகிற சக்கரம் பாதி நேரம் பாதையைத் தொடுவதில்லை. தொடாத சக்கரத்தில் பிரேக் பிடித்தும் பலனில்லை. இறக்கத்தில் இதன் அர்த்தம் என்ன என்று மலைப் பாதையில் ஓட்டுகிறவர்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை.

3. வாங்கும்போது

ஒரு பக்கம் மட்டும் மாற்றாதீர்கள். முன் இரண்டும் சோடியாக, பின் இரண்டும் சோடியாக மாற்ற வேண்டும். ஒன்று புதிது, ஒன்று பழசு என்றால் வண்டி ஒரு பக்கமாக இழுத்து ஆடும்.

கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய வண்டிகளின் உதிரிப் பாகங்கள் எல்லாம் கிடைக்கும். கதவு, கண்ணாடி, பம்பர் என்றால் பரவாயில்லை. கழற்றி எடுத்த ஷொக் வாங்குவது நல்லதல்ல. வெளியே பெயின்ட் அடித்து மினுக்கியிருந்தாலும் உள்ளே ஒயிலும் சீலும் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது.

கம்பனியின் சொந்தச் சாமான் விலை கூடினால், கே.வை.பி., மொன்ரோ போன்ற பெயர் பெற்ற வேறு தயாரிப்புகளைப் போடலாம். வண்டியின் மொடல் இலக்கம், சேசி இலக்கம் இரண்டையும் எழுதிக்கொண்டு போங்கள். "ஹைலக்ஸுக்கு ஒண்ணு தாங்க" என்று கேட்டால் போதாது.

உயரம் கூட்டாத வண்டிக்கு நீளம் கூடிய ஷொக் போடக் கூடாது. சக்கரம் மேலே வரும்போது, தடுப்பு ரப்பரில் முட்டுவதற்கு முன்பே ஷொக் முழுதாக அமுங்கி, மாட்டியிருக்கும் தாங்கியை உடைக்கும். அதேபோல் உயரம் கூட்டிய வண்டிக்குப் பழைய கட்டை ஷொக்கை விட்டுவைக்கவும் கூடாது. சக்கரம் குழியில் தொங்கும்போது முழு எக்ஸலையும் ஷொக்கே இழுத்துப் பிடிக்க வேண்டி வரும். அது அதற்கான சாமான் அல்ல, பிய்ந்துபோகும்.

4. உயரம் கூட்டினால் எது உயரும்? எது உயராது?

"பாதையில கல்லு முட்டுது, அதனால உயர்த்தணும்" என்பதுதான் பொதுவான காரணம். ஆனால் குனிந்து பாருங்கள். எது முட்டுகிறது?

பெரும்பாலும் முட்டுவது பின் எக்ஸலின் நடுவில் இருக்கும் டிஃப்ரன்ஷல் குண்டு. அது எக்ஸலோடு சேர்ந்தது. எக்ஸல் நிற்பது சக்கரத்தில். ஸ்பிரிங்கை உயர்த்தினால் அதற்கு மேலே இருக்கும் சேசியும் தட்டும் உயருமே தவிர, டிஃப்ரன்ஷல் ஒரு மில்லிமீற்றரும் உயராது. நடுத்திட்டில் இருக்கும் கல் முன்போலவே அதில் முட்டும்.

எக்ஸலை உயர்த்த ஒரே வழி டயரைப் பெரிதாக்குவது. அதிலும் பாதிதான் கிடைக்கும். 700 மில்லிமீற்றர் குறுக்களவுள்ள டயருக்குப் பதிலாக 735 போட்டால் எக்ஸல் 17.5 மில்லிமீற்றர் மட்டுமே உயரும். இந்த மாற்றத்தால் மீற்றர் 60 காட்டும்போது வண்டி உண்மையில் 63இல் போகும்.

சேசி, படி, சைலன்சர், முன் பம்பர் முட்டுகிறது என்றால் உயரம் கூட்டுவதால் பலன் உண்டு. ஆகவே முதலில் எது முட்டுகிறது என்று பாருங்கள். அதற்கும் முன்னால், ஸ்பிரிங் பட்டை வயதாகித் தொய்ந்து வண்டி பழைய உயரத்தை இழந்திருக்கிறதா என்று பாருங்கள். பல வண்டிகளில் அதுதான் விஷயம். தொய்ந்த பட்டையை மாற்றினாலே தேவையான உயரம் திரும்பக் கிடைத்துவிடும். வேறு ஒன்றும் வேண்டாம்.

உயரம் கூட்டும் வழிகள் பல:

• பின் பக்கம் நல்ல வளைவுள்ள புதுப் பட்டை மாற்றுவது. இதுவே சிறந்தது.

• பட்டை அடுக்கில் ஒன்று கூடுதலாகச் சேர்ப்பது. வண்டி உயரும்; ஆனால் வெறும் வண்டியில் குலுக்கல் கூடும். மூட்டை ஏற்றும்போது நன்றாக இருக்கும் வண்டி, நோயாளியை ஏற்றும்போது முதுகை உடைக்கும்.

• எக்ஸலுக்கும் பட்டைக்கும் நடுவில் இரும்புக் கட்டை வைப்பது. பின் பக்கத்துக்கு மட்டும், ஒற்றைக் கட்டை மட்டும். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு வைக்கக் கூடாது. மரக்கட்டை கூடவே கூடாது. திரும்பும் முன் எக்ஸலுக்கு எந்தக் கட்டையும் வைக்கக் கூடாது.

• முன் சுருள் ஸ்பிரிங்கை மாற்றுவது, அல்லது அதன் மேலே தட்டு வைப்பது. ஷொக் மாட்டியிருப்பது கீழ்க்கையின் இடையில். சக்கரம் இருப்பது அதன் நுனியில். ஆகவே வைத்த தட்டின் தடிப்பைவிடக் கூடுதலாகவே வண்டி உயரும். இது தெரியாமல் பெரிய தட்டு வைப்பவர்கள் உண்டு.

• முறுக்குக் கம்பியைத் திருகி உயர்த்துவது. செலவில்லை. ஆனால் சக்கரம் கீழே இறங்க இருக்கும் இடம் குறைந்துபோய், ஒவ்வொரு குழியிலும் "டங்" என்று அடிக்கும்.

40 முதல் 50 மில்லிமீற்றருக்கு மேல் கூட்டினால் முன் பக்கம் சுயாதீனமாக ஆடும் வண்டிகளில் சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் கோணம் அதிகமாகி, அதன் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் வெளியேறும். உள்ளே புழுதி போனால் அந்த மூட்டு நெடுநாள் தாங்காது.

5. உயரத்தால் குறைவது என்ன?

முதலாவது, சரியாமல் நிற்கும் பலம். சக்கரங்களுக்கு இடையே அகலம் 1500 மில்லிமீற்றர் என்று வைப்போம். அதில் பாதி 750. பாரத்தின் மையம் நிலத்திலிருந்து 750 மில்லிமீற்றர் உயரத்தில் இருந்தால் 750 ÷ 750 = 1. மையம் 50 மில்லிமீற்றர் உயர்ந்தால் 750 ÷ 800 = 0.94. நூற்றுக்கு ஆறு பங்கு பலம் போயிற்று. பின் தட்டில் ஆட்கள் நின்றுகொண்டு போகும்போது மையம் 900க்கு ஏறினால் 750 ÷ 900 = 0.83. இப்போது நூற்றுக்கு 17 பங்கு இல்லை. வண்டி பழைய வேகத்தில்தான் வளைவில் திரும்புகிறது. தாங்கும் பலம் மட்டும் பழையது அல்ல. பாதையின் ஓரம் மழையில் கரைந்திருந்தால் சொல்லவே வேண்டாம்.

இரண்டாவது, பிரேக். இது பலருக்குத் தெரியாதது. ஆகவே கவனமாக வாசியுங்கள். பல கெப் வண்டிகளில் பின் எக்ஸலிலிருந்து ஒரு கம்பி சேசியில் உள்ள ஒரு சிறு வால்வுக்குப் போகும். பாரம் ஏற்றினால் சேசி தாழும், கம்பி வால்வைத் தள்ளும், பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் போகும். வெறும் வண்டியில் அழுத்தம் குறையும். பின் பக்கத்தை உயர்த்திவிட்டுக் கம்பியைச் சரிசெய்யாமல் விட்டால், 14 மூட்டை ஏற்றியிருந்தாலும் வால்வு "வண்டி வெறும் வண்டிதான்" என்று எடுத்துக்கொள்ளும். பின் பிரேக் பாதியளவே வேலை செய்யும். முழுச் சுமையும் முன் பிரேக்கில் விழுந்து, நீண்ட இறக்கத்தில் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். உயர்த்திய அளவுக்கு ஏற்ப அந்தக் கம்பியின் தாங்கியை மாற்றியே ஆக வேண்டும்.

மூன்றாவது, பிரேக் ஒயில் ஹோஸ். சக்கரம் முழுதாகத் தொங்கும்போது ஹோஸ் இழுபட்டு நிற்கக் கூடாது. கை பிரேக் கேபிள், ஏ.பி.எஸ். வயர், டிஃப்ரன்ஷலின் காற்றுக் குழாய் ஆகியவற்றையும் அதே நேரம் பாருங்கள்.

நான்காவது, ஸ்டியரிங். முன் பக்கம் உயர்ந்தால் சக்கரங்களின் கோணம் மாறும். திருப்பிய ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராது. டயர் ஒரு ஓரமாகத் தேயும். வீல் எலைன்மென்ட் செய்யாமல் வண்டியைப் பாதைக்கு விடக் கூடாது.

ஐந்தாவது, முன் விளக்கு. மூக்கு உயர்ந்தால் வெளிச்சம் எதிரே வருகிறவரின் கண்ணில் விழும். மலை வளைவில் ஒருவர் கண் கூசினால் பள்ளத்துக்குப் போவது இரண்டு வண்டியில் எதுவாகவும் இருக்கலாம்.

6. வேலை தொடங்கும் முன்

வண்டிக்குக் கீழே போகிறவர் உயிரோடு வெளியே வர வேண்டும். இதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

• மட்டமான, இறுகிய தரையில் நிறுத்துங்கள். லயத்து வாசல் சரிவில் இந்த வேலை வேண்டாம். மழை பெய்த மண்ணில் வேண்டாம்.

• தூக்காத பக்கச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். பின் பக்கத்தைத் தூக்கினால் கை பிரேக் பிடிக்காது. அது பின் சக்கரத்தில்தானே இருக்கிறது.

• ஜேக் தூக்குவதற்கு மட்டும். தாங்குவதற்கு ஸ்டாண்ட் வேண்டும். சேசிக்குக் கீழே இரண்டு ஸ்டாண்ட் வைத்து, வண்டியை அதில் இறக்கி, பக்கவாட்டில் தள்ளி ஆட்டிப் பார்த்த பிறகுதான் கீழே போக வேண்டும்.

• செங்கல்லும் சீமெந்துக் கல்லும் பாரத்தில் சொல்லாமல் வெடிக்கும். வைக்கவே கூடாது. ஸ்டாண்ட் இல்லை என்றால் அன்றைக்கு வேலை இல்லை. கழற்றிய சக்கரத்தைச் சேசிக்குக் கீழே படுக்க வைப்பது கூடுதல் காவல்.

• தனியாகச் செய்யாதீர்கள். பக்கத்தில் ஒரு பெரிய ஆள் இருக்கட்டும். சிறு பிள்ளைகளை "அந்த ஸ்பேனரைப் போடு" என்று கீழே அழைக்காதீர்கள். ஆபத்து என்றால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலக்கம் எல்லோருக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும்.

7. பின் ஷொக் மாற்றும் முறை

பின் பக்கம் இலகுவானது. கற்கத் தொடங்குகிறவர் இங்கிருந்தே தொடங்கலாம்.

(1) முதல் நாள் மாலையே நட்டுகளைக் கம்பித் தூரிகையால் துலக்கி, துரு இளக்கும் ஒயில் விட்டு வையுங்கள். மறுநாள் பாதி வேலை மிச்சம்.

(2) மேலே சொன்னபடி வண்டியைத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். எக்ஸலுக்குக் கீழே ஜேக்கை லேசாகத் தொட்டு நிற்க வையுங்கள். எக்ஸல் தொங்கிப் பிரேக் ஹோஸை இழுக்காமல் அது காக்கும்.

(3) கீழ் நட்டைக் கழற்றுங்கள். பிறகு மேல் நட்டு. வாஷரும் புஷ்ஷும் எந்த வரிசையில் இருந்தன என்று தரையில் அதே வரிசையில் அடுக்கி வையுங்கள்.

(4) புது ஷொக்கை நிமிர்த்திப் பிடித்து நாலைந்து தடவை அமுக்கி இழுங்கள். கடையில் படுக்க வைத்திருந்ததால் உள்ளே புகுந்த காற்று வெளியேறும்.

(5) பிஸ்டன் கம்பியைப் பிளையரால் பிடிக்காதீர்கள். ஒரு கீறல் விழுந்தால் சீல் கிழிந்து, புதுச் சாமான் ஒரு மாதத்தில் ஒழுகும். ரப்பர் புஷ்ஷுக்குக் கிரீஸோ எஞ்சின் ஒயிலோ பூசாதீர்கள், ரப்பர் ஊதிப்போகும்.

(6) மேலும் கீழும் மாட்டி, நட்டுகளைக் கையால் இறுகும் அளவுக்கு மட்டும் பூட்டுங்கள்.

(7) சக்கரத்தை மாட்டி, வண்டியைத் தரையில் இறக்குங்கள். பாரம் சக்கரத்தில் வந்த பிறகே முழுதாக இறுக்க வேண்டும். தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் முறுகிய நிலையிலேயே நின்று சீக்கிரம் கிழியும். எவ்வளவு இறுக்குவது என்பது வண்டியின் சேர்விஸ் புத்தகத்தில் இருக்கும். டோர்க் ரென்ச் கொண்டு அந்த அளவுக்கு இறுக்குங்கள். "என் கைக்குத் தெரியும்" என்பது பழகிய பாஸ்மாருக்கும் எல்லா நேரமும் சரிவராது.

பட்டை மாற்றினாலும் கட்டை வைத்தாலும் யூ போல்ட் புதிதாகப் போட வேண்டும். ஒரு முறை இழுபட்ட யூ போல்ட்டை மறுபடி நம்பக் கூடாது. நாலு நட்டையும் மூலைக்கு மூலை மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். நடுவில் இருக்கும் சென்டர் போல்ட்டின் தலை அதற்குரிய குழிக்குள் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று இறுக்கும் முன் பாருங்கள். உட்காராவிட்டால் எக்ஸல் கோணலாக நிற்கும்.

8. முன் பக்கம் – இங்கே நிதானம்

சுருள் ஸ்பிரிங்கும் ஷொக்கும் ஒன்றாகச் சேர்ந்த வண்டிகளில், மேலே பார்த்தால் சுற்றிவரச் சில சிறு நட்டுகளும் நடுவில் ஒரு பெரிய நட்டும் இருக்கும். சுற்றியுள்ள நட்டுகளைக் கழற்றினால் முழுத் தொகுதியும் வெளியே வரும். நடு நட்டில் கை வைக்கக் கூடாது! அமுங்கியிருக்கும் ஸ்பிரிங்கை அடக்கி வைத்திருப்பது அந்த ஒற்றை நட்டுத்தான். அதைக் கழற்றினால் ஸ்பிரிங் பாய்ந்து வரும். முகத்தில் பட்டால் ஆள் இல்லை.

ஸ்பிரிங்கைப் பிரிக்க அதற்கென்றே இருக்கும் அமுக்கும் கருவி வேண்டும். கயிறு, சங்கிலி, கட்டுக்கம்பி எதுவும் உதவாது. கருவி இல்லாதவர்கள் தொகுதியைக் கழற்றிப் பட்டணத்துக் கராஜுக்குக் கொண்டுபோய் மாற்றிக்கொண்டு வருவதே புத்தி. அந்தக் கூலி வீண் செலவல்ல.

கழற்றிய பழைய கேஸ் ஷொக்கை நெருப்பில் போடாதீர்கள், கேஸ் வெல்டிங்கால் வெட்டாதீர்கள். உள்ளே அழுத்தம் இருக்கிறது, வெடிக்கும். பிள்ளைகள் விளையாடும் இடத்தில் போட்டு வைக்காமல் பழைய இரும்புக்காரரிடம் "கேஸ் ஷொக்" என்று சொல்லியே கொடுங்கள்.

9. முடிந்த பிறகு

சுமையில்லாமல் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். பிரேக்கை நேர்ப் பாதையில் பிடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் இழுக்கக் கூடாது. ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, டயர் எங்காவது உரசுகிறதா, ஹோஸ் இழுபடுகிறதா என்று ஒருவர் வெளியே நின்று பார்க்கட்டும். பிறகு வீல் எலைன்மென்ட், விளக்குச் சரிபார்ப்பு. 500 கிலோமீற்றர் ஓடியதும் எல்லா நட்டுகளையும், முக்கியமாக யூ போல்ட்டுகளை, திரும்ப இறுக்கிப் பாருங்கள். திகதியையும் கிலோமீற்றரையும் ஒரு கொப்பியில் எழுதி வண்டியில் வையுங்கள். அடுத்து ஓட்ட வருகிற சாரதிக்கு அது உதவும்.

வண்டி தோட்டத்துக்குச் சொந்தம் என்றால், சாரதியோ உதவியாளோ தன் விருப்பத்துக்கு உயரம் கூட்டக் கூடாது. நிர்வாகத்தின் எழுத்து அனுமதி வேண்டும். சொந்த வண்டி என்றாலும், நமது நாட்டில் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமும் அதன் ஒழுங்குவிதிகளும் இருக்கின்றன. வேலைக்கு முன்பே மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்திடமும் காப்புறுதிக் கம்பனியிடமும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். விபத்துக்குப் பிறகு "சொல்லாமல் மாற்றிய வண்டி" என்று காப்புறுதிக் கம்பனி கையை விரித்தால் நட்டம் குடும்பத்துக்குத்தான்.

10. இதைத் தொழிலாகப் படிக்க

லயத்து வாசலிலும் கராஜிலும் பார்த்துப் பழகிய தம்பிமார் பலர் நல்ல வேலைக்காரர்கள். கையில் சான்றிதழ் இல்லாததால் கூலி குறைகிறது. தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபை, இலங்கை தொழிற்பயிற்சி அதிகார சபை ஆகியவை மோட்டார் வாகனத் திருத்தப் பயிற்சி நடத்துகின்றன. ஏற்கெனவே வேலை தெரிந்தவர்களின் திறமையைப் பரீட்சித்து, தேசிய தொழிற்தகைமை என்னும் என்.வி.கியூ. சான்றிதழ் தரும் முறையும் உண்டு. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்களும் இதைப் பற்றி விசாரிக்கலாம். பெண் பிள்ளைகளும் படிக்கலாம். டோர்க் ரென்ச்சுக்கு ஆண் பெண் தெரியாது. உங்கள் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

நினைவில் வைக்க வேண்டியவை

முதலில் தொய்ந்ததையும் தேய்ந்ததையும் மாற்றுங்கள். அப்படியும் முட்டினால், முட்டுவது எது என்று பார்த்து, தேவையான அளவுக்கு மட்டும் உயர்த்துங்கள். உயர்த்தினால் பிரேக் வால்வு, ஹோஸ், எலைன்மென்ட், விளக்கு நாலையும் அன்றே சரிசெய்யுங்கள். சுமையைக் கூட்டாதீர்கள். ஸ்டாண்ட் இல்லாமல் கீழே போகாதீர்கள்.

வீட்டில் பேசிப் பார்க்கக் கேள்விகள்

1. பாரத்தைச் சுமப்பது ஷொக்கா, ஸ்பிரிங்கா?
2. ஸ்பிரிங்கை 50 மில்லிமீற்றர் உயர்த்தினால் டிஃப்ரன்ஷல் எவ்வளவு உயரும்?
3. பின் பக்கத்தை உயர்த்தினால் பிரேக் ஏன் குறையலாம்?
4. புஷ் நட்டுகளை எப்போது முழுதாக இறுக்க வேண்டும்? ஏன்?
5. முன் ஷொக்கின் நடு நட்டை ஏன் தொடக் கூடாது?
6. உங்கள் தோட்டத்துக் கெப் வண்டியில் ஐந்து பேர் உள்ளே இருந்தால் எத்தனை மூட்டை ஏற்றலாம்? வண்டியின் புத்தகத்தைப் பார்த்துக் கணக்கிடுங்கள்.

முதல் ஐந்துக்கும் விடை இப்பாடத்திலேயே இருக்கிறது. ஆறாவதைச் சாரதியும் வெளிக்கள உத்தியோகத்தரும் ஏறிப் போகிறவர்களும் ஒன்றாக உட்கார்ந்து கணக்கிட்டு, வந்த தொகையை வண்டியின் கதவில் எழுதி ஒட்டினால் எங்களுக்குச் சந்தோஷம்.